'போதுங்க' என்றால் என்ன அர்த்தம்?

தொண்ணூற்றைந்தாம் வருஷம் என்று நினைக்கிறேன். சூலூரில், விசைத்தறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கிற ஒரு தெருவில் குடியிருந்தோம். என் மகளுக்கு அப்போது இரண்டரை வயது. பேச்சு நன்றாக வந்துவிட்டது, சோறுதான் இறங்கவில்லை.

நான் சமையலில் கெட்டிக்காரி என்று பெயர் எடுத்தவள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றிக் குழைத்துப் பார்த்தேன். இடியாப்பம் மாதிரி சந்தகை பிழிந்து தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டேன். பீட்ரூட் சாறு கலந்த சிவப்புத் தோசை, ஒரு வாய்க்கு ஒன்றாகக் குட்டி இட்லி, ராகிக் கூழ் என்று வாரத்துக்கு ஒரு வித்தை காட்டினேன். எதுவானாலும் இரண்டே வாய். அதோடு "போதுங்கம்மா" என்று வாயை இறுக்கி மூடிக்கொள்வாள்.

எங்கள் பக்கத்தில் விருந்தாளி "போதுங்க" என்றால், இன்னொரு கரண்டி வையுங்கள் என்றுதான் பொருள். உடனே நிறுத்திக்கொண்டால் சோறு போட மனசில்லாதவர்கள் என்று பேசிவிடுவார்கள். அப்படி வளர்ந்தவள், பெற்ற பிள்ளை சொன்னால் மட்டும் விட்டுவிடுவேனா? "இன்னுமொரு வாய் கண்ணு, என் சாமியல்ல" என்று கெஞ்சுவேன். அப்புறம் மிரட்டல். அதுவும் பலிக்காதபோது அவளைக் காலிடுக்கில் வைத்து, மூக்கைப் பிடித்து, வாய் திறந்த நொடியில் திணித்திருக்கிறேன். இதை எழுதவே இன்று கூச்சமாக இருக்கிறது. கடைசியில், கிண்ணத்தோடு நான் வருவதைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிய ஆரம்பித்தாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் சொன்னதைவிட, நான் பெற்றதே என்னைக் கண்டு பயந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுக்கு வடநாட்டிலிருந்து விமானப்படைக்காரர் ஒருவர் குடிவந்தார். அவர் மனைவி, மளிகைக்கடையில் கேட்டுக் கேட்டே கொஞ்சம் தமிழ் பழகியிருந்தார். என் மகள் எந்நேரமும் அங்கேதான் கிடப்பாள். ஒரு நாள் மதியம் அவளைத் தேடிப் போனேன். தரையில் உட்கார்ந்து, தானே சப்பாத்தியைப் பிய்த்துப் பருப்பில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இரண்டு வாய் ஆனதும் "போதுங்க" என்றாள். அந்தம்மா "சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் வைத்துவிட்டு வந்தார்!

எனக்கு வந்ததே கோபம். "ஏனுங்க, கொழந்த திங்கறப்ப வட்டலப் புடுங்கிப்போட்டீங்களே? இன்னும் ரெண்டு வாய் வெச்சா என்னங்க?" என்று பிடித்துக்கொண்டேன்.

அவர் மிரண்டுபோனார். "பாப்பா போதும் சொன்னா. போதும்னா வேண்டாம்தானே? நான் தப்பா படிச்சேனா?"

அதில் துளி கேலி இல்லை. தன் தமிழில்தான் ஏதோ பிழை என்று நிஜமாகவே கலங்கி நின்றார். அவர் சரியாகத்தான் படித்திருந்தார்.

அதற்குள் என் மகள் எழுந்து அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "இன்னுங் கொஞ்சம் குடுங்க" என்றாள். சோறு வேண்டுமென்று அவள் கேட்டு அதுவரை நான் கேட்டதே இல்லை. பசித்துக் கேட்க நான் எங்கே இடம் கொடுத்தேன்!

அன்று சாயங்காலம் நேரத்தோடே என் வீட்டுக்காரர், அவள், நான் என்று மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட உட்கார்ந்தோம். நாங்கள் தின்ற சோறும் பச்சைப்பயறு கடைசலும்தான் அவளுக்கும். "என்ன, இன்னைக்கு நம்மூட்டுல சண்டச் சத்தத்தையே காணோம்?" என்றார் வீட்டுக்காரர். மூன்றாவது வாயில் "போதுங்கம்மா" வந்தது. என் கை பழக்கதோஷத்தில் அடுத்த உருண்டையை உருட்டிவிட்டது. அதை என் வாயிலேயே போட்டுக்கொண்டு, "சரிங்க கண்ணு" என்றேன்.

ஓடுவதற்கு எழுந்தவள் அப்படியே நின்றாள். என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாக வந்து, சோறு ஒட்டிய கையோடு என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். மேற்கொண்டு ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை. எடை ஏறப் பல மாதம் ஆனது.

வாங்க போங்க என்று நண்டு சிண்டுக்கும் மரியாதை கொடுக்கிற ஊரில் பிறந்தவள்தான் நான். ஆனால் ஒரு குழந்தை சொன்ன சொல்லை அப்படியே நம்புவதுதான் அதற்குக் கொடுக்கிற முதல் மரியாதை என்பது, அவள் பயமில்லாமல் என் மடிக்கு வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது.