கரை இல்லாத வேட்டி

சமயநல்லூரில் ராஜபாண்டி வீடு எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஊதா ராசு என்று கேட்டால் பஸ் ஸ்டாப்பில் பூக்கட்டுகிற அம்மாகூடத் தலை நிமிராமல் வெல்டிங் பட்டறைப் பக்கம் கை காட்டிவிடும். வாலிப வயதிலிருந்து ஊதாக் கரை போட்ட வேட்டியைத் தவிர வேறு வேட்டியை இடுப்பில் சுற்றாத ஆள் அவன். கல்யாண வீட்டுக்கும் அதுதான், கோயிலுக்கும் அதுதான். பட்டறையில் கை துடைக்கப் போட்டிருக்கும் கிழிசலில்கூட அந்தக் கரைதான் நைந்து தொங்கும்.

அவன் ஊதாக் கட்சிக்குப் போனதே ஒரு வேட்டியால்தான். சின்ன வயதிலேயே அம்மா இறந்துபோக, புதிதாகக் கல்யாணமாகி ஆனையூருக்குப் போன அக்கா சோலையம்மாள் அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அக்கா புருஷன் தங்கப்பாண்டி மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருந்தார். முகம் சுளிக்காத மனுஷன். "உங்கப்பன் போட்ட சீர்வரிசையில இன்னவரைக்கும் ரிப்பேர் ஆகாம இருக்குறது இவன் ஒருத்தன்தான்" என்று மச்சினனைக் காட்டி அக்காளைக் கிண்டல் பண்ணுவார். படிப்பு ஏறவில்லை என்றதும் சமயநல்லூரில் ஒரு வெல்டிங் பட்டறையில் சேர்த்துவிட்டவரும் அவர்தான். பட்டறை முதலாளி ஊதாக் கட்சி. ஒரு மாநாட்டுக்குப் போகிறபோது பையனுக்கும் சேர்த்து ஒரு புது வேட்டி எடுத்துக் கொடுத்தார். தனக்கென்று கடையில் மடிப்புக் கலையாமல் வாங்கிய முதல் வேட்டி அது. அதைக் கட்டிக்கொண்டு அவன் வந்து நின்றதும் தங்கப்பாண்டி தலையில் அடித்துக்கொண்டார். அவர் பச்சைக் கட்சி. வட்டத் துணைச் செயலாளர்.

"ஏன்டா மாப்ள, என் சோத்தத் தின்னுபுட்டு அந்தக் கரையக் கட்டிட்டு வர்றியே, வெக்கமா இல்ல?"

"சோத்துல கரை இல்ல மச்சான்."

அன்றைக்குத் தொடங்கிய பேச்சு. ராஜபாண்டி சொந்தப் பட்டறை போட்டு, தாமரைச்செல்வியைக் கட்டி, தலை நரைத்த பிறகும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையானால் ஆனையூரில் அக்கா கையால் கறிக்குழம்பு. இரண்டு இலைக்கும் நடுவில் அரசியல். சோலையம்மாள் எலும்பை அள்ளி இரண்டு பேர் இலையிலும் வைத்து, "இதக் கடிங்க. கொஞ்ச நேரம் வாய் சும்மா இருக்கும்" என்பாள்.

இந்தத் தேர்தலில் எல்லாம் வரிப் பேச்சாக இருந்தது. பொருளுக்கு வரியைக் குறைத்தது நாங்கள்தான், இன்னமும் குறைப்போம் என்று ஊதாக் கட்சி சுவரெல்லாம் எழுதியது. வீட்டு வரியைப் பாதியாகக் குறைப்போம் என்று பச்சைக் கட்சி நோட்டீஸ் போட்டது.

"இரும்புக்கு வரி கொறஞ்சா கிரில் வெல கொறையும், வீடு கட்டுறவனுக்கு லாபந்தான மச்சான்?"

"கொறஞ்சுச்சுங்கிறியே, போன மாசம் எதுத்த வீட்டுக்கு ஜன்னல் அடிச்சுக் குடுத்தியே, வெலயக் கொறைச்சியா?"

"அது வந்து, பழைய ஸ்டாக்கு."

"பாத்தியா சோலை. வரி மேலருந்து கெளம்பும்போது கொறஞ்சுதான் கெளம்புது. உந்தம்பி பட்டறைக்கு வந்ததும் நின்னுபோகுது."

"வீட்டு வரிய ஏத்துனது யாரு? நீங்க. பாதியாக் கொறைக்கிறோம்னு நோட்டீஸ் அடிக்கிறது யாரு? அதுவும் நீங்க. சட்டையக் கழட்டிக்கிட்டு கைக்குட்டை குடுக்குறீக."

தங்கப்பாண்டி புரையேறச் சிரித்தார். அதுதான் அவர்கள் சேர்ந்து சாப்பிட்ட கடைசி ஞாயிறு.

அடுத்த வாரம் ஆனையூர் முக்கில் அருண்பாண்டி என்கிற யூடியூப் சேனல்காரன் மைக்கோடு வந்து நின்றான். வரிக் குறைப்பால் மக்களுக்கு லாபமா என்று இரண்டு கட்சிக்காரர்களையும் எதிரெதிரே நிற்கவைத்துக் கேட்டான். தங்கப்பாண்டி அழகாகப் பேசினார். "வாயக் கட்டி வயித்தக் கட்டி வீட்டக் கட்டுறான். அதுல குடியிருக்க வருஷா வருஷம் தண்டம் கட்டணுமாய்யா?" என்று கேட்டபோது ஆட்டோ ஸ்டாண்டில் இருந்தவர்கள்கூடக் கைதட்டினார்கள். மைக் ராஜபாண்டி பக்கம் திரும்பியது. இரும்பைப் பற்றி, வெல்டிங் குச்சியைப் பற்றி என்னவெல்லாமோ பேசத்தான் நினைத்திருந்தான். அதற்குள் பச்சைக் கட்சி வட்டச் செயலாளர் நல்லகாமன், "பட்டறைக்காரருக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டாத்தான் கண்ணு தெரியும், பாத்துக் கேளுங்க தம்பி" என்று போட்டுவிட்டார். கூட்டம் சிரித்தது. ராஜபாண்டிக்குச் சுருக்கென்றது.

"வீட்டு வரிய எங்க மச்சானுக்குப் புதுசா யாரும் பாதியாக் கொறைக்க வேண்டாம். அவரு ஏற்கெனவே பாதிதான் கட்டுறாரு. கீழ் வீட்டுக்கு மட்டுந்தான் வரி. மாடி ஆகாசத்துல மெதக்குது போல. அந்த மாடிக்கு இரும்புக் கேட்டு அடிச்சவனே நான்தான், எனக்குத் தெரியாதா?"

ஞாயிற்றுக்கிழமை இலையில் உட்கார்ந்து பேசுகிற பேச்சு அது. தங்கப்பாண்டியும் அப்படி நினைத்துத்தான் முதலில் சிரித்தார். அப்புறம் அருண்பாண்டி கையிலிருந்த செல்போனைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

வீடியோ பரவிய வேகத்துக்கு, சில நாளில் மாநகராட்சியிலிருந்து வீட்டை அளக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். அந்தத் தெரு முழுக்கத்தான் அளந்தார்கள் என்று பிறகு ராஜபாண்டி விசாரித்துத் தெரிந்துகொண்டான். ஆனால் தெரு அப்படிப் பேசவில்லை. மச்சினனே புகார் எழுதிப் போட்டுவிட்டான் என்றுதான் பேசியது. பச்சைக் கட்சியிலும் தங்கப்பாண்டியை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். தேர்தல் முடிகிறவரை மைக்கைத் தொட வேண்டாம் அண்ணே, வரிப் பேச்சு எடுத்தாலே உங்க வீடியோவப் போடுறாங்க என்றாராம் நல்லகாமன். தலை நரைக்கிறவரை கொடி பிடித்த மனுஷன் அதற்குப் பிறகு பிரச்சாரத்தில் வண்டிக்குப் பின்னால் கடைசி ஆளாக நடந்து போனார்.

ராஜபாண்டி போன் அடித்தான். எடுக்கவில்லை. தாமரைச்செல்வியைக் கூட்டிக்கொண்டு நேரில் போனான். அக்கா மாடிப்படிக் கேட்டுக்கு உள்ளே நின்றாள். வாசலே அதுதான். கீழ் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு மாடியில்தான் குடியிருந்தார்கள். கம்பியில் மயில் வைத்து, தோகையில் ஒவ்வொரு கண்ணாக வளைத்து, அக்காளுக்கென்று அவன் அடித்துக் கொடுத்த கேட்டு. அவள் பூட்டைத் திறக்கவில்லை.

"அவரு தூங்குறாரு."

"அக்கா, நான் எழுதிப் போடலக்கா. வாய் தவறி..."

"அளக்க வந்தவுங்க டேப்போட ஒரு முனைய அவரையே புடிக்கச் சொன்னாங்கடா. புடிச்சாரு. மூலைக்கு மூலை நகந்து நகந்து புடிச்சாரு. கீழ நின்னு தெருவே பாத்துச்சு."

மயிலின் கம்பிகளுக்கு நடுவே அக்காவின் முகம் துண்டு துண்டாகத் தெரிந்தது. தேர்தல் முடியட்டும், காலில் விழுந்தாவது சரிபண்ணிவிடுவோம் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே ராஜபாண்டி வண்டியைக் கிளப்பினான்.

தேர்தல் முடிகிறவரை தங்கப்பாண்டி இருக்கவில்லை. ஒரு நாள் விடிகிற நேரத்தில் அக்கா மகள் மீனா போன் பண்ணினாள். "மாமா, அப்பா பேச்சுமூச்சு இல்லாமக் கெடந்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ளேயே முடிஞ்சுபோச்சு மாமா." முந்தின நாள் வெயிலில் பிரச்சார வண்டிக்குப் பின்னால் நடந்துவிட்டு வந்து, நெஞ்சு கரிக்கிறது என்று மோர் குடித்துவிட்டுப் படுத்தவர்.

கேதத்துக்குப் பிறந்த வீட்டுக் கோடி கொண்டுபோக வேண்டும். இறந்தவருக்குப் புது வேட்டி, தாலி அறுக்கிற அக்காளுக்குப் புதுச் சேலை. இரண்டும் தண்ணீர் படாத துணியாக இருக்க வேண்டும். அதைப் போடுகிற உரிமை உடன்பிறந்தானுக்கு மட்டும்தான். அவன் இல்லாதவளுக்குத்தான் பங்காளிகள் போடுவார்கள். உரிமையோடு அந்த வீட்டுக்குள் நுழைய ராஜபாண்டிக்கு மிச்சமிருந்த ஒரே வழியும் அதுதான். அதற்காகவாவது அக்கா கேட்டைத் திறப்பாள். எப்படியாவது மச்சான் மேல் ஒரு வேட்டியைப் போர்த்தி, மன்னித்துவிடுங்கள் என்று காதோடு சொல்லிவிட வேண்டும். அந்நேரத்துக்கு எந்த ஜவுளிக்கடை திறந்திருக்கும்? தீபாவளிக்கு எடுத்துக் கட்டாமலே வைத்திருந்த சேலையைத் தாமரைச்செல்வி எடுத்தாள். அவன் பீரோவில் கைவிட்டு, பிரிக்காத கவரில் இருந்த வேட்டியை எடுத்துப் பைக்குள் வைத்தான். புதுசா, தண்ணி படாததா என்று மட்டும்தான் பார்த்தான்.

கேட்டு திறந்தே கிடந்தது. மாடியில் ஐஸ் பெட்டி. தலைமாட்டில் அக்கா. நெஞ்சுக்கு மேல் பச்சைக் கொடியைப் போர்த்தியிருந்தார்கள். சுற்றிலும் பச்சைக் கரை வேட்டிகள். ராஜபாண்டிக்கு யாரும் விலகி வழிவிடவில்லை. என்ன இருந்தாலும் கூடப்பிறந்தவன் என்று யாரோ ஒரு பெரிய மனுஷி வழிவிடச் சொன்னாள். ஐஸ் பெட்டியின் மூடியைத் தூக்கினார்கள். நல்லகாமனே கொடியை ஓரமாக மடித்துவிட்டு, "விரிச்சுப் போடு மாப்ள" என்றார்.

கவரைப் பிரித்து உதறினான். மச்சானின் நெஞ்சிலிருந்து கால்வரை ஊதாக் கரை நீளமாக ஓடியது.

வேட்பு மனுத் தாக்கலுக்குக் கட்சியில் கொடுத்த வேட்டி. ராஜபாண்டிக்கு வேட்டி என்றாலே அப்படித்தான் இருக்கும். அத்தனை வருஷத்தில் அந்தக் கரையை அவன் தனியாகப் பார்த்ததே இல்லை. இப்போதுதான் பார்த்தான்.

"அடப்பாவி" என்றது ஒரு குரல். "உசுரோட இருக்கையில இழுக்க முடியல. இப்ப இழுக்குறியா?"

"மானத்த வாங்குனது பத்தலையாக்கும். வீடியோ எடுக்கச் சொல்லிருக்கியா?"

"பாக்கலண்ணே. என் புள்ள மேல சத்தியமா நான் பாக்கலண்ணே" என்றான் நல்லகாமனிடம். முப்பது வருஷம் கட்டிய கரையைப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? யாரோ அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்கள். அவன் அக்காவையே பார்த்தான்.

சோலையம்மாள் எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே வேட்டியை இழுத்தெடுத்து, மடித்து, அவன் பக்கம் நீட்டினாள்.

"அவர வச்சு ஊரு சிரிச்சது போதும்டா ராசு. கொண்டு போ."

"அக்கா, வேற வாங்கிட்டு வாரேன். நான் வர்றவரைக்கும் எடுக்க வேணாம்னு சொல்லுக்கா."

அவள் வாங்கிட்டு வா என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது போதும் என்று தாமரைச்செல்வியை அங்கேயே விட்டுவிட்டு, சேலை இருந்த பையோடு வண்டியை எடுத்தான். பக்கத்துக் கடைகள் எதுவும் திறக்கவில்லை. கோரிப்பாளையத்தில் முகைதீன் பிச்சை கடையை நேரத்தோடு திறந்துவிடுவார் என்று ஞாபகம் வந்தது. அவர் அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"வேட்டி வேணும் பாய்."

"என்ன கரைண்ணே? எல்லாக் கட்சியும் இருக்கு."

"கரையே இல்லாம."

"எலெக்ஷன் டயத்துல வெறும் வேட்டி கேக்குற மொத ஆளு நீங்கதான்" என்று சிரித்தபடி திரும்பியவர், அவன் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். "மய்யித்துக்குப் போத்தவாண்ணே? இந்தா, இப்ப எடுத்துத் தர்றேன். காசு அப்பறம் பாத்துக்கலாம், கெளம்புங்க."

வேட்டியோடு அவன் திரும்பியபோது சந்திப்பில் ஒன்றும் நகரவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கத்திலிருந்து ஊதாக் கட்சி ஊர்வலம் வந்துகொண்டிருந்தது. வேட்பாளர் நின்ற திறந்த வண்டி, அதற்கு முன்னால் கொட்டு, பின்னால் கண்ணுக்கெட்டிய வரை அவன் கட்டியிருந்த அதே கரை. வரியைக் குறைத்தது யார், வரியைக் குறைத்தது யார் என்று ஒலிபெருக்கி கேட்டது. கூட்டம் பதில் சொன்னது. ராஜபாண்டி ஹாரனை அழுத்திப் பார்த்தான். தெரிந்தவன் ஒருத்தன் அவனைக் கண்டுகொண்டு, "ராசண்ணே, என்ன அங்கிட்டு நிக்கிறீக, வண்டிய ஓரங்கட்டிட்டு வாங்கண்ணே" என்று கையை ஆட்டினான். கேதம் என்று அவன் கத்தியது கொட்டுச் சத்தத்தில் அவனுக்கே கேட்கவில்லை. சைகையில் வழி கேட்டான். அவன் வாழ்த்துச் சொல்வதாக நினைத்துக்கொண்டு எதிரில் நின்றவர்கள் கும்பிட்டார்கள். வழி கிடைத்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

ஆனையூர்த் தெருவுக்குள் அவன் திரும்பியபோது சாலை முழுக்கப் பூ சிதறிக் கிடந்தது. வீட்டு வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். மீனா படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"எடுத்துட்டாங்க மாமா. அம்மா எதுவுமே பேசல. நேரமாகுதுன்னு எடுத்துட்டாங்க."

மேலே அக்கா சுவரோடு சாய்ந்திருப்பது தெரிந்தது. கழுத்தைச் சுற்றிப் பங்காளி வீட்டில் போட்ட சேலை கிடந்தது. ராஜபாண்டி மேலே ஏறவில்லை. வெறும் வேட்டியும் சேலையும் இருந்த பையை மயிலின் கொண்டைக் கம்பியில் மாட்டிவிட்டுத் தத்தனேரிச் சுடுகாட்டுக்குப் போனான். அங்கே கடைசி ஆளாக, கூட்டத்துக்குப் பின்னால் நின்றான்.

பதினாறாம் நாள் காரியத்துக்குள் ஓட்டுப்பதிவு முடிந்துவிட்டது. பந்தலில் இரண்டு கரைக்காரர்களும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நல்லகாமன் ஊதாக் கட்சிக் கிளைச் செயலாளரிடம் சாம்பாரைத் தள்ளி வைத்தபடி, "நீங்க வந்தாலும் சரி, நாங்க வந்தாலும் சரி, எவன் கொறைக்கப் போறான்" என்றார். இரண்டு பேரும் சிரித்தார்கள். ராஜபாண்டி பேன்ட் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவனைச் சட்டென்று யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

பை அவன் மாட்டிய கம்பியிலேயே தொங்கியது. மேலே தூசி படிந்திருந்தது. இத்தனை நாளும் அதைத் தாண்டித்தான் அந்த வீட்டில் எல்லோரும் ஏறி இறங்கியிருக்கிறார்கள்.

சோலையம்மாள் படியிறங்கி வந்தாள். வானம் கறுத்துக் கிடந்தது. கேட்டருகே நின்று பையைப் பார்த்தாள். பந்தலுக்குள் தேடி, தம்பியையும் பார்த்தாள். அவன் எழுந்து நின்றான்.

"மீனா" என்று கூப்பிட்டாள். "அந்தப் பைய எடுத்து உங்க மாமாகிட்டக் குடு. மழ வந்தா நனஞ்சுபோகும்."