குட்டிக்கரணம் போடாத விமானம்

நான் ஆறாவது படித்தபோது அப்பா பதினைந்து நாள் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைப்பது அவர் வேலை. ஒருநாள் வெடித்து முடிந்ததும், மருந்து நிரப்பிய ஏதோ ஒரு குழி வெடிக்கவில்லை என்று சந்தேகப்பட்டு, சாயங்காலம் வரை லாரிகளை உள்ளே விடாமல் மறித்துவிட்டார். தேடிப் பார்த்தால் எல்லாக் குழியும் ஒழுங்காக வெடித்திருந்தது. பயந்தாங்கொள்ளி என்று பெயர் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வேண்டுமானால் சொல்லி அனுப்புகிறோம் என்று சுரங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். சொல்லி அனுப்புவார்களா என்று அம்மா சரியாகச் சாப்பிடாமல் கிடந்தாள். எனக்கென்ன, அப்பாவுக்கு லீவு.

அவர் சுபாவமே அதுதான். தீபாவளிக்கு ஒரு வெடி புஸ்ஸென்று அடங்கிவிட்டால் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. வெகுநேரம் கழித்து அவரே போய் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வருவார். எங்கள் வீட்டுத் தீபாவளியில் வெடியைவிடத் தண்ணீர்தான் அதிகம் செலவானது.

அந்த லீவில்தான் சென்னைக் கடற்கரையில் விமான சாகசம் பார்க்க எங்களை ரயிலில் கூட்டிப்போனார். பழைய காலத்து மஞ்சள் விமானம் ஒன்று வானத்தில் குட்டிக்கரணம் போடும் என்று பேப்பரில் படத்தோடு வந்திருந்தது. நான் அதை வகுப்பு முழுக்கத் தம்பட்டம் அடித்திருந்தேன். பார்க்காமல் திரும்பினால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

கடற்கரையில் எல்லோரும் முன்னால் போக முண்டியடித்தார்கள். அப்பா விமானங்கள் வரும் திசையைக் கேட்டுக்கொண்டு, எங்களைப் பின்னால் பின்னால் நடத்திக் கொண்டுபோய், ரோட்டோரம் ஒரு சுண்டல் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னா நம்ம ஊரே வந்துடுங்க” என்றாள் அம்மா.

“வானந்தானே, எங்க நின்னாலும் தெரியும்” என்றார் அப்பா.

மஞ்சள் விமானம் கடைசியில் வந்தது. கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டு தாழ்வாக ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு மேல்நோக்கி ஏறத் தொடங்கியது. இதோ குட்டிக்கரணம் என்று நான் எம்பி நின்றேன். ஏறிக்கொண்டிருந்த விமானம் சட்டென்று சமநிலைக்கு வந்து, ஒரு வளைவு வளைந்து, வந்த வழியே போய்விட்டது. என்ஜின் சத்தத்தில் விமானிக்கு ஏதோ சந்தேகமாம், அதனால் இறங்கப் போகிறாராம். மைக்கில் சொன்னார்கள்.

கூட்டம் ஊளையிட்டது. “பயந்தாங்கொள்ளிப் பய!” என்று எங்களுக்கு முன்னால் நின்றவர் கத்தினார். எனக்கும் ஆத்திரம் தாங்கவில்லை. நானும் அதையே, அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

அப்பா என்னை ஒருதரம் பார்த்தார். திட்டவில்லை. காலி வானத்தைப் பார்த்துக் கைதட்ட ஆரம்பித்தார். நிதானமாக, விடாமல் தட்டினார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. அவர் யாரோ நான் யாரோ என்று சுண்டல் வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

“அம்மா, போதும்னு சொல்லும்மா” என்றேன்.

அம்மா கையிலிருந்த சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்தாள். அவளும் கைதட்டத் தொடங்கினாள். அவள் வானத்தைப் பார்க்கவே இல்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டு தட்டினாள்.

விமானம் எந்தப் பக்கம் போயிற்று என்பதுகூட அம்மாவுக்குத் தெரியவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.