உறையாத ரத்தமும் என் வீம்பும்

சபையில எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எனக்குச் சுத்தி வளைச்சுப் பேச வராது. போன மாசி மாசம் என் வீட்டுக்காரரு உசுரை எடுக்கப் பாத்தது கண்ணாடி விரியன் மட்டுமில்ல, நானுந்தேன். அதை மறைச்சுட்டு ஆண்டவரு செஞ்சதை மட்டும் சொன்னா அது பாதிச் சாட்சி.

எங்களுக்குப் பரளச்சிப் பக்கம். சீமைக்கருவேல மரத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரி எடுக்கிறதுதேன் பொழப்பு. ஞானஸ்நானம் எடுத்து அப்ப ஒரு வருசம் ஆகியிருந்துச்சு. வீட்டுக்காரரு சொந்தத்துல மொத மொதல்ல ஆண்டவர்கிட்ட வந்தது நாங்கதேன். குலசாமி பொங்கலுக்கு வரலன்னு அவுக அண்ணன், என் மூத்தாரு, எங்களோட பேச்சை விட்டுட்டாரு. இவங்களுக்கு எப்ப என்ன நடக்கும்னு ஊரே பாத்துக்கிட்டு இருந்துச்சு.

அன்னைக்குச் செவ்வாக்கெழமை. காலையில எட்டு மணி இருக்கும். மூட்டத்துக்கு அடுக்க, வெட்டிப் போட்டிருந்த வெறகை அவுக அள்ளுனாக. அடியில கெடந்துருக்கு சனியன். கணுக்காலுக்கு மேல ரெண்டு பல்லு. "கடிச்சிருச்சுடி"ன்னு அப்பிடியே உக்காந்துட்டாக.

எங்க பக்கம் பாம்பு கடிச்சா மந்திரிக்கிற ஆளுகிட்டத்தேன் மொதல்ல தூக்கிட்டு ஓடுவாக. அன்னைக்கும் நாலு பேரு தூக்க வந்தாக. குறுக்க நின்னேன். அதுவரைக்கும் சரி. "அப்ப ஆஸ்பத்திரிக்காவது கெளம்பு"ன்னாக. அதுக்கும் மாட்டேன்னேன். ஜெபம் பண்ணுன எண்ணெயை எடுத்துக் காலுல தடவிட்டு, அவுகளை வாசல்லயே படுக்க வச்சுப் பக்கத்துல உக்காந்துட்டேன். ஆஸ்பத்திரிக்குப் போனா, 'பாத்தியா, அவ சாமியால முடியல'ன்னு ஊரு பேசும்னு எனக்குப் பயம். அந்தப் பயத்துக்கு விசுவாசம்னு பேரு வச்சுக்கிட்டேன்.

ஒரு மணி நேரம் போச்சு. வீக்கம் முழங்காலுக்கு ஏறிருச்சு. அந்த வலியிலயும் அவுக நக்கலை விடல. "ஏண்டி, நீ ஊருக்குச் சாட்சி சொல்ல என் காலுதேன் கெடச்சுச்சா"ன்னாக. சொல்லிட்டுத் துப்புனாக. எச்சி செவப்பா வந்துச்சு. ஈறுல ரத்தம். முந்தானையால தொடச்சுவிட்டேன், திரும்பவும் ஊறுச்சு.

அப்பத்தேன் மூத்தாரு குட்டியானை வண்டியைக் கொண்டாந்து வாசல்ல நிப்பாட்டுனாரு. கரி லோடு ஏத்துன வண்டி. பாதி மூட்டையைத் தெருவுல தள்ளிவிட்டுட்டுத் தம்பியைத் தூக்கிப் படுக்க வச்சாரு. நான் வாயைத் தொறக்கிறதுக்குள்ள, ஒரு வருசமாப் பேசாத மனுசன் பேசுனாரு.

"ஏத்தா, ஒஞ்சாமியையும் வண்டியில ஏறச் சொல்லு. அவரும் வரட்டும்."

எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஏறிட்டேன். அருப்புக்கோட்டை போய்ச் சேர்ற வரைக்கும் கரி மூட்டைக்கு நடுவுல, அவுக தலையை மடியில வச்சுக்கிட்டு அழுதேன். "ஆண்டவரே, நான் ஒம்மை நம்பல. ஊருக்கு முன்னால என் மொகத்தைக் காப்பாத்தத்தேன் பாத்தேன். என் வீம்புக்கு இவுக உசுரை எடுத்துறாதேயும்."

ஆஸ்பத்திரியில மொதல்ல ரத்தம் எடுத்து ஒரு கண்ணாடிக் குழாயில ஊத்தி, அசைக்காம வச்சாக. இருவது நிமிசத்துல உறையணுமாம். உறையலன்னா வெசம் ரத்தத்துல ஏறிருச்சுன்னு அர்த்தம். நேரம் முடிஞ்சு நர்ஸம்மா குழாயைச் சாச்சாக. தண்ணியா ஓடுச்சு.

வெச முறிவு மருந்து ஏத்துனாக. "ஆறு மணி நேரங் கழிச்சுத் திரும்பப் பாப்போம். அப்பவும் உறையலன்னா மதுரைக்குத்தான். கிட்னி தாங்குமான்னு சொல்ல முடியல"ன்னாக டாக்டரம்மா. ஏன் இவ்வளவு லேட்டுன்னு கேட்டாக. மூத்தாரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. என்னாலதேன்னு நானே சொன்னேன்.

வராண்டாவுல அந்தக் கோடியில மூத்தாரு, இந்தக் கோடியில நான். தெருவுக்கே கேக்குற மாதிரி ஜெபம் பண்றவ நான். அன்னைக்கு வாய் வரல. மதியம் அவுக மூத்திரம் செவப்பாப் போச்சு. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் ஒரே வார்த்தை. உறையணும் ஆண்டவரே, உறையணும்.

சாயங்காலம் திரும்ப ரத்தம் எடுத்தாக. திரும்ப இருவது நிமிசம். மூத்தாரு துண்டைப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் கதவோரம் நின்னாரு. நர்ஸம்மா குழாயைச் சாச்சாக. ஓடல. இன்னுங் கொஞ்சம் சாச்சாக. கவுத்தே பிடிச்சாக. அடியில கெட்டியா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

"உறைஞ்சிருச்சும்மா."

நான் தரையில விழுந்து அழுதேன். மூத்தாரு துண்டால மொகத்தைத் தொடச்சுக்கிட்டு, "ஒஞ்சாமி ஏறித்தேன் வந்துருக்காருத்தா"ன்னாரு.

பத்து நாள்ல அவுகளைக் கூட்டிட்டு வீட்டுக்கு வந்துட்டோம். காலுல தழும்பு இருக்கு, லேசாத் தாங்கித் தாங்கி நடக்குறாக. மூத்தாரு இன்னமும் குலசாமிக்குத்தேன் பொங்க வைக்கிறாரு. ஆனா எங்க வீட்டுல கை நனைக்கிறாரு, தம்பியோட உக்காந்து சிரிக்கிறாரு. நானும் ஊருக்குக் கேக்குறதுக்காகச் சத்தம் போட்டு ஜெபம் பண்றதை விட்டுட்டேன்.

உங்க வீட்டுலயும் இன்னைக்கு ஏதோ ஒரு வெசம் ஏறிக்கிட்டு இருக்கலாம். நம்புங்க. முழங்கால் போடுங்க. வாசல்ல வண்டி வந்து நின்னா, யாரு ஓட்டிட்டு வந்தாகன்னு பாக்காம ஏறுங்க. எம் புருசனுக்கு ஆண்டவரு அனுப்புன வண்டியை நான் மறிச்சிருப்பேன். அப்பவும் அவரு எங்களை விட்டுட்டுப் போகல, கரி மூட்டையோட மூட்டையா எங்ககூட வந்தாரு.