ஜோஸ்பின் அக்காவின் பாஸ்வேர்டு

இன்று காலை தில்லைநகரில் ஒரு வங்கியில், அங்கிருந்த பெண் என் முகத்தைப் பார்க்காமலே, "சிஸ்டம்ல அப்படித்தாங்க காட்டுது" என்றாள். வாதாடத் தெம்பில்லை. அந்தப் பேச்சும் ஏசிக் குளிரும் சேர்ந்து என்னைப் பழைய ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டன.

கண்டோன்மென்ட்டில் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவு. மெயின்ஃப்ரேம் என்ற பெரிய யந்திரம் குளுகுளுவென்று வாழ, பக்கத்து அறையில் நாங்கள் வேர்த்து வழிந்தோம். தினமும் சென்னை தலைமை அலுவலகத்துக்கு ஃபைல் அனுப்ப வேண்டும். எது, எப்போது, யார் பெயரில் போனது என்பதை யந்திரமே 'லாக்' என்ற தன் பதிவேட்டில் பதிந்துகொள்ளும். அதைத் தேடிப் பார்த்துச் சொல்வது என் வேலை. பெரிய துப்பறியும் சிங்கம் என்று எனக்கு நினைப்பு.

அனுப்பும் அனுமதி பாலக்கரை ஜோஸ்பின் அக்காவின் ஐடிக்கு மட்டும்தான். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகளும் அவர் சம்பளத்தில்தான் படித்தார்கள். அவர் சாப்பிடப் போனால் வேலை நிற்குமா? அதனால் அவருடைய பாஸ்வேர்டு செக்‌ஷன் முழுக்கத் தெரியும். "மாதா பேருதாம்பா, அடிச்சுக்கங்க" என்பார்.

ஸ்ரீரங்கத்தில் என் தங்கை கல்யாணம். அக்கா காலையில் கையெழுத்துப் போட்டுவிட்டு, லீவும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டார். பந்தியில் அவருக்கு இன்னொரு கரண்டி பாயசம் போடச் சொன்னது நான்தான். எங்கள் வீட்டில் அதைத் திருக்கண்ணமுது என்போம். அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அதே நேரத்தில் ஆபீசில் யாரோ அவர் ஐடியில் நுழைந்து, போன மாதத்து ஃபைலைச் சென்னைக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே ஏக ரகளை.

மறுநாள் மேனேஜர் லாக்கை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ஜோஸ்பின் அக்காவின் பெயர்தான் இருந்தது. அவர் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என்னை வராந்தாவுக்கு இழுத்தார்.

"சொல்லிடாதப்பா. டியூட்டியில இல்ல, பாஸ்வேர்டையும் குடுத்துட்டேன்னா சீட்டைக் கிழிச்சுடுவாங்க. தப்பா அனுப்பிட்டேன்னு சொன்னா மெமோவோட போயிடும்."

அப்படியே சொன்னார். மெமோவோடு போகவில்லை. ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

கடைசி நாளில் செக்‌ஷன் முழுக்க வாசல்வரை வந்தது. அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அனுப்பியது நான்தான் என்று யாரும் முன்வரவில்லை.

அந்த யந்திரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். லாக் டேப்புகளும் போயின. செக்‌ஷன் ஆட்கள் எங்கெங்கோ சிதறிப்போனார்கள். போன வருஷம் பாலக்கரைக்கு அக்காவின் துக்கத்துக்குப் போயிருந்தேன். "அந்த ஒரு ஃபைல அம்மா கவனமா அனுப்பியிருக்கலாம் அங்கிள்" என்றான் மகன். அவனிடமும் அவர் சொல்லவே இல்லை.