மூட்டை இறங்காத ஏற்றம்

ஒருவர் மேல் வைத்த கோபத்தை வருடக்கணக்கில் ஆறவிடாமல் காப்பது லேசான காரியமில்லை. நடுவில் பொங்கல் வரும், கல்யாணம் காட்சி வரும், எதிரே வந்து "நல்லாருக்கியா ஆத்தா" என்று சிரிப்பார்கள், மனசு இளகப் பார்க்கும். நான் இளகவிடவில்லை. என் கோணல் கணுக்கால் அதற்கு ஒத்தாசையாக இருந்தது.

அந்த ஒருவர் எனக்குச் சித்தப்பா முறை. எங்கள் ஊர் சிலமலையில் முதலில் ஜீப் வாங்கியவர். எழுபதுகளின் கடைசியில் நாங்கள் ஒரு ஜீப் நிறையப் பெண்கள் அவருடைய வண்டியில்தான் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போவோம். மெட்டு வரைக்கும் தார் ரோடு. அதைத் தாண்டினால் தோட்டத்து மண்பாதை. பாதையின் கடைசியில் ஓர் ஏற்றம், பாதி பாறையும் பாதி களிமண்ணுமாக. ஆள் பாரத்தோடு எந்த ஜீப்பும் அதில் ஏறாது. அடிவாரத்தில் எல்லோரும் இறங்கி நடக்க வேண்டும், வண்டி முன்னால் போய் மேலே நிற்கும். எல்லா ஜீப்பிலும் இதுதான் வழக்கம். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சித்தப்பாவின் ஜீப் காலியாக ஏறாது. தோட்டத்துக் கடைக்குப் போகிற அரிசி மூட்டைகள் படுதாவுக்குள் சொகுசாக உட்கார்ந்திருக்கும். மழையில் மூட்டை நனையக் கூடாதே. நாங்கள் நனையலாம்.

ஓர் ஆடி மாதம், காற்றும் மழையுமாக அடித்த காலை. எனக்கு நல்ல காய்ச்சல். அடிவாரத்தில் வண்டி நின்றதும், "சித்தப்பு, நான் ஒருத்தி மட்டும் மூட்டைப் பக்கத்துல ஒண்டிக்கிறேன், நடக்க முடியல" என்றேன்.

"காச்சல்னா வீட்ல கெடக்கணும். ஒனக்கு எடங்குடுத்தா எல்லாவளும் ஒக்காந்துக்கிருவாளுக. எறங்கு ஆத்தா, வெரசா."

இறங்கினேன். பாதி ஏற்றத்தில் கால் வழுக்கி இரண்டு கல்லுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. மற்ற பெண்கள் என்னைத் தூக்கி மேலே கொண்டுபோனார்கள். அங்கே சித்தப்பா பீடி பிடித்துக்கொண்டு நின்றார். என்னை உடனே போடிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவர்கள் கெஞ்சியதற்கு, "சாயங்காலம் எப்பிடியும் எறங்கத்தான போறேன், அப்பப் பாத்துக்கிருவோம்" என்றார். காய் உலர்த்துகிற கொட்டகையில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தேன். வைத்தியரிடம் போய்ச் சேரும்போது கால் வீங்கிப் பூசணிக்காயாகிவிட்டது. எலும்பு கோணலாகத்தான் கூடியது. ஊரில் அவர் சொல்லிக்கொண்டு திரிந்தது, "அவ பாத்து நடக்கல."

அதற்குப் பிறகு என்னால் மலை ஏற முடியவில்லை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் உட்கார்ந்து காய் தரம் பிரித்தேன். கை காயைப் பிரிக்கும், மனசு அந்த ஏற்றத்திலேயே நிற்கும். அவர் நாசமாய்ப் போக வேண்டும் என்று நான் சாமியிடம் கேட்கவில்லை. நான் கேட்டது ஒன்றுதான். அதே மழையில், அதே ஏற்றத்தில், அந்த மனுஷன் இறங்கி நடக்க வேண்டும். அதை நான் வண்டியில் உட்கார்ந்துகொண்டு பார்க்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் போடியில் லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். சாது. சண்டை என்றாலே பின்கட்டுக்குப் போய்விடுவார். அவரை அரித்து அரித்து, பட்டாளத்தில் கழித்துப் போட்ட ஒரு பழைய ஜீப்பை வாங்க வைத்தேன். முதல் மழைக்காலத்திலேயே எனக்கு மூக்கு உடைந்தது. அதே ஏற்றத்தின் அடியில் எங்கள் ஜீப்பும் மூச்சு முட்டி நின்றது. என் வண்டியிலிருந்தே பெண்கள் இறங்கி நடந்தார்கள். பின்னால் வந்த சித்தப்பா எட்டிப் பார்த்து, "நொண்டிக்கு ஏத்த நொண்டி வண்டி" என்றாராம். அந்த வார்த்தை அன்று சாயங்காலமே என் காதுக்கு வந்து சேர்ந்தது.

அப்போதுதான் ஜீப்பின் அடிவயிற்றைப் பற்றிக் கற்றுக்கொண்டேன். அச்சின் நடுவில் சட்டியைக் கவிழ்த்த மாதிரி ஓர் இரும்பு உருண்டை இருக்கும். அதற்குள் இருப்பதுதான் டிபரன்ஷியல். எஞ்சினின் சுழற்சியை இரண்டு பக்கத்துச் சக்கரங்களுக்கும் அதுதான் பிரித்துக் கொடுக்கிறது. அதில் உள்ள பெரிய பல்சக்கரத்தைப் பட்டறையில் கிரவுன் என்பார்கள். "பல்லு கூடுன கிரவுனாப் போட்டா வேகம் கொறையும், ஆனா இழுப்பு கூடும்" என்றார் வீட்டுக்காரர். பாரம் இழுக்கிற ஒரு பழைய வண்டியிலிருந்து மதுரையில் அப்படி ஒன்று கிடைத்தது. ஆனால் பின் அச்சுக்கு மட்டும்தான்.

"பின்னாடிதான பாரம்? அத மட்டும் மாத்துங்க, போதும்" என்று குதித்தேன்.

"ஏ புள்ள, முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்குன்னா, நாலு சக்கரத்தையும் சேத்து ஓட்டயில ஒண்ணை ஒண்ணு இழுத்துச் சண்டை போடும். நடுவுல இருக்கிற கியர்ப் பெட்டி செதறிப்போகும். ரெண்டும் ஒண்ணுபோல கிடைக்கட்டும்."

ஒரு மழைக்காலம் முழுக்கக் காத்திருந்தேன். பின் அச்சுக்கான கிரவுன், கிரீஸ் தடவிய சாக்கில் சுற்றி, எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. முன்பக்கத்துக்கும் அதே கணக்கில் ஒன்று அகப்பட்ட பிறகு இரண்டையும் சேர்த்து மாட்டினார்.

அடுத்த ஆடியில் ஏலக்கடைக்கு முழுக்குப் போட்டுவிட்டு நானும் வண்டியில் ஏறினேன். தார் ரோட்டில் எங்களை எல்லா ஜீப்பும் முந்திக்கொண்டு போயிற்று. போகட்டும் என்று விட்டோம். அடிவாரம் வந்ததும் பெண்கள் பழக்கதோஷத்தில் எழுந்து சேலையைச் செருகினார்கள். "ஒருத்தியும் எறங்கக் கூடாது" என்று கத்தினேன். வயிறு முட்டத் தின்ற எருமை மாதிரி ஜீப் மெதுவாக, நிற்காமல், ஆள் பாரத்தோடு மேலே போய்ச் சேர்ந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். என் கணக்கு இன்னும் தீரவில்லை.

ஒரு மாதத்துக்குள் சித்தப்பாவின் ஜீப்பில் ஆள் இல்லை. மூட்டை மட்டும் போயிற்று. கிரவுன் மாற்றிய விஷயம் அவர் காதுக்கு எட்டிவிட்டது. அவசரம் அவசரமாகப் பின்பக்கத்தை மட்டும் மாற்றிவிட்டு, "பின்னால மாத்துனாப் போதும், இதுல என்ன பெரிய வித்தை" என்று டீக்கடையில் பேசினார். வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை. "போயி ஒரு வார்த்தை சொல்லிட்டு வர்றேன்" என்று சட்டையை மாட்டினார்.

"சொன்னீங்க, அப்புறம் இந்த வீட்ல ஒங்களுக்குச் சோறு கெடையாது" என்றேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். இன்றைக்கு வரைக்கும் அதற்காக நான் ஒரு சொட்டும் வருத்தப்பட்டதில்லை.

நல்ல மழை நாள் ஒன்றில் அது நடந்தது. ஏற்றத்தின் அடியில், பாறைத் தரையில், நாலு சக்கரத்தையும் சேர்த்துப் போட்டு ஏற்றப் பார்த்திருக்கிறார். நாங்கள் போய்ச் சேரும்போது ஜீப்புக்கு அடியில் பெட்டி உடைந்து எண்ணெய் வழிந்து ஓடிக்கொண்டிருந்தது. படுதா வேறு கிழிந்து, இரண்டு அரிசி மூட்டைமேலும் சாரல். சித்தப்பா எங்கள் வண்டியைக் கைகாட்டி நிறுத்தினார்.

"மாப்ளே, மூட்டை நனையுது. மேல கொண்டுபோயிச் சேத்துருங்க."

"ஏத்துங்க" என்றேன் நான். பெண்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் விட்டார்கள். இரண்டு மூட்டையும் ஏறின. பின்னாலேயே சித்தப்பாவும் ஏறி, மூட்டைமேல் உட்கார்ந்து, தலையைத் துவட்டினார்.

"சித்தப்பு, இதான் ஏத்தம். எறங்குங்க."

அவர் சிரித்தார். "இந்த வண்டிதான் ஆளோட ஏறுமே ஆத்தா."

"ஏறும். நீங்க எறங்குங்க."

வீட்டுக்காரர் எஞ்சினை உறுமவிட்டபடி நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாம் அவர் இறக்கிவிட்ட முகங்கள். கடைசியில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

மேலே போனதும் வண்டியைத் திருப்பி நிறுத்தச் சொன்னேன். அவர் வருகிற வரைக்கும் நகரக் கூடாது என்றேன். மழைக்குள் குனிந்து, கையை ஊன்றி, இரண்டு இடத்தில் வழுக்கி, வேட்டியெல்லாம் சேறாக அந்த மனுஷன் ஏறி வந்ததை ஓர் அடி விடாமல் பார்த்தேன். வயிறு குளிர்ந்தது. வந்தவர் மூச்சிரைக்க ஜீப்பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவர் கண் என் காலுக்குப் போயிற்று.

நன்றாகப் பார்க்கட்டும் என்று சேலையைக் கணுக்காலுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டேன்.