நான் வெட்டிய கல்யாணப் பாண்

மூன்று வருடங்களுக்கு முன், மொன்றியலில் அஹுன்ட்சிக் பக்கமுள்ள ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. எனக்கு அங்கே சமையலறையில் வேலை. அன்று போலந்துக்காரர் வீட்டுக் கல்யாணம்.

மேசையில், பூவேலை செய்த துணியில் சுற்றிய, கோதுமை மாவில் சுட்ட பெரிய வட்டப் பாண் ஒன்று இருந்தது. மேலே மாவினாலேயே பின்னல் போட்டிருந்தார்கள். விருந்தினர் வரப்போகிற அவசரத்தில், பெரிய கெட்டிக்காரன் மாதிரி அதைச் சீராகத் துண்டு போட்டுவிட்டேன். தலைமைச் சமையற்காரர் யாழ்ப்பாணத்து அண்ணை. திரும்பிப் பார்த்தவர் தலையில் கை வைத்தார்.

"அட கோதாரி. ஆர் உன்னை உந்தப் பாணை வெட்டச் சொன்னது?"

அதற்குள் பெண்ணின் அம்மா உப்புக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். தேவாலயத்திலிருந்து வரும் மணமக்களைப் பாணும் உப்பும் கொடுத்து வாசலில் வரவேற்பது அவர்கள் வழக்கமாம். மணமக்களின் காரை மறித்து வோட்கா கேட்பது, மணப்பெண்ணின் முக்காட்டைக் கழற்றுவது எல்லாம் பழசு என்று மகள் தள்ளிவிட்டாளாம். இது ஒன்றைத்தான் அம்மாவுக்காக விட்டுவைத்திருந்தாள். அதையும் நான் வெட்டிவிட்டேன்.

எனக்கு என் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. அதுவும் இதே நகரத்தில், பனிக்காலத்தில். மண்டபம் மூன்று மணிநேரத்துக்குத்தான் என்று நாங்களும் நிறையச் சடங்குகளைத் தள்ளினோம். அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"ஆர் மோனை, ஆராத்தி எடுத்தது?"

"இஞ்ச ஒரு அக்கா எடுத்தவ அம்மா," என்றேன். பச்சைப் பொய்.

பெண்ணின் அம்மா என்னை ஏசவில்லை. துண்டுகளைக் கூட்டி மறுபடி வட்டமாக்கி, துணியால் சுற்றிவர இறுக்கிக் கட்டினார். தூக்கினால் சரிந்தது. என்னைப் பார்த்து, "வெட்டியது நீங்கள்தானே? வந்து அடியில் பிடியுங்கள்," என்றார்.

எண்ணெய் பட்ட ஏப்ரனோடு வாசலில் நின்று, இரண்டு கையாலும் பாணை அடியில் தாங்கினேன். மணமக்கள் ஆளுக்கொரு துண்டு எடுத்து உப்பில் தொட்டுச் சாப்பிட்டார்கள். தாய் அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

என் கல்யாணத்தன்று நாங்கள் வீட்டுக்கு வந்தபோது, கீழ்வீட்டு இத்தாலிய அம்மா பூங்கொத்தோடு எங்கள் வாசலிலேயேதான் நின்றார். ஆராத்தித் தட்டைக் கொடுத்திருந்தால் ஆசையாக எடுத்திருப்பார். வேற்று ஆளிடம் எப்படிக் கேட்பது என்று கூச்சப்பட்டேன். அம்மா இப்போது இல்லை. இருந்தால் உண்மையைச் சொல்லிவிடுவேன்: ஆராத்தி எடுக்க ஆளில்லாமல் போகவில்லை அம்மா, நான்தான் கேட்கவில்லை.