கத்தரிப்பூ நிறப் பறவையும் ஒரு தலைப்பிரசவமும்

இங்கே மேகம் சமையலறைக்குள் வருகிறது. கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். மதியத்தில் ஜன்னலைத் திறந்து வைத்தால், கூப்பிடாத விருந்தாளி மாதிரி நேராக அடுப்பங்கரைக்கே வந்து நிற்கும். என் மனைவி லூர்து முந்தானையை வீசி அதை விரட்டுவாள். ஐம்பதுகளின் கடைசிவரை திண்டிவனத்தில் மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, வரும் நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்த என்னை, காப்பிச்செடியின் நோயைப் பார் என்று கோஸ்டாரிக்காவின் இந்த மலைக்கு அனுப்பினார்கள். அங்கே காலையில் உலர்த்திய வேட்டி, பலகாரம் சாப்பிட்டு முடிப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்திருக்கும். இங்கே திங்கட்கிழமை துவைத்த சட்டையை வெள்ளிக்கிழமை ஈரத்தோடுதான் மாட்டிக்கொள்கிறேன். ஆனால் அப்போது எங்களுக்கு ஈரத்தைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. லூர்துக்கு ஐந்தாம் மாதம்.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, வளவனூரிலிருந்து வழியனுப்ப வந்த என் மாமியார் விழுப்புரம் ஜங்ஷனில் ரயில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “மாப்பிள்ள, தலைப்பிரசவம் நம்ம வூட்லதான். எந்தச் சீமையில இருந்தாலும் கூட்டிக்கினு வந்து உட்டுடுங்க.” நானும் பெரிதாகத் தலையாட்டினேன். இப்போது கப்பல் டிக்கெட்டும் வந்துவிட்டது. போனால் கைக்குழந்தையோடு அவளால் தனியாகத் திரும்பி வர முடியாது. என் வேலை முடியவோ வருடக்கணக்காகும். நான் போய் இறங்கும்போது என் பிள்ளை என்னை யாரோ என்று பார்க்கும். ஆனால் பெற்றவள் வீட்டுக்குப் போகிற பெண்ணைப் போகாதே என்று எந்த வாயால் சொல்வது?

கப்பலுக்கு முந்தைய ஞாயிறு, பூசை முடிந்ததும், பக்கத்துத் தோட்டத்து தோன்யா எல்வீரா – தோன்யா என்றால் அம்மணி – எங்களை மேலே காட்டுக்குக் கூட்டிப்போனாள். லூர்து ஊருக்குப் போவதற்குள் ‘கொலிப்ரி’ என்கிற ரீங்காரச் சிட்டைக் காட்டிவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். மழையே இல்லாமல் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. வாழைப்பூவைத் தலைகீழாக நிறுத்தியது போன்ற ஒரு சிவப்புப் பூவின் முன்னால் நின்றோம். விர்ரென்று வந்தது. உடம்பு முழுக்கக் கத்தரிப்பூ நிறம். “இரு, உட்காரட்டும், நன்றாகப் பார்க்கலாம்” என்றேன். நம் ஊர்த் தேன்சிட்டு வாழைமடலில் உட்கார்ந்துதானே அலகை நீட்டும்? இதுவோ அந்தரத்தில் நின்றபடியே குடித்துவிட்டுப் போனது. மறுபடி வந்தது. மறுபடியும் நான், “உட்காரட்டும்” என்றேன்.

லூர்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “இன்னாங்க நீங்க, அது பந்தியில ஒக்காந்து சாப்புடுற ஆளு இல்ல போல.” அவள் சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது.

உட்கார்ந்திருந்த ஒன்றை அவள்தான் கண்டுபிடித்தாள். ஓடைக்கு மேலே ஒரு மெல்லிய கிளையில், பாதி கமலாப்பழம் அளவில் பாசியால் கட்டிய கூடு. அதில் சாம்பலும் பச்சையுமாக ஒரு பெட்டை. காற்று கிளையை ஆட்டியது. மேகம் அதன் மேலேயே ஊர்ந்து போனது. அது அசையவில்லை. ஆண் எங்கே என்று கேட்க, லூர்து மூக்குக்குக் கீழே மீசை முறுக்கிக் காட்டினாள். எல்வீரா சட்டென்று என்னைக் கை காட்டினாள். மூவரும் சிரித்து ஓய்ந்தபின், என் அரைகுறை ஸ்பானிஷில் நான் விளக்கிக் கேட்டேன். எல்வீரா உதட்டைப் பிதுக்கி, “ஸோலா” என்றாள். தனியாகத்தான். கத்தரிப்பூக்காரர் கூட்டுப் பக்கமே எட்டிப் பார்க்கமாட்டாராம்.

இறங்கி வரும்போது லூர்து இரண்டு தடவை திரும்பி அந்தக் கிளையைப் பார்த்தாள். வீட்டு வாசலில்தான் நின்றாள்.

“இந்தக் குளிர்ல அது ஒண்டியா ஒக்காந்துக்கினு இருக்குது. எனக்கு நீங்க இருக்கீங்க, எல்வீராக்கா இருக்காங்க. நான் போவலைங்க.”

“உங்க அம்மா?”

“நான் எழுதுறேன். பேஜாராத்தான் இருக்கும், அழுவாங்க. அப்பால அவுங்களே பேரு அனுப்புவாங்க.”

நான் அழுதுவிட்டேன். வெட்கமெல்லாம் படவில்லை.

பெண் குழந்தை. பிரசவ வலியில் லூர்து பிடித்துக்கொண்டது எல்வீராவின் கையை. பெயர் வளவனூரிலிருந்து வந்தது. எல்வீரா தினமும் காலை பத்தரைக்குக் குழந்தையின் விழித்த கண்ணைப் பார்த்துவிட வருவாள். அது இரவெல்லாம் விழித்துவிட்டு அந்நேரம் அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். ஒருநாள், பாவமே என்று நான் எழுப்பப் போனேன். லூர்து என் கையைத் தட்டிவிட்டு, எல்வீராவிடம் அசல் வளவனூர்த் தமிழிலேயே சொன்னாள். “எழுப்ப வேணாங்க்கா. இவ ஆயா ஊரு வளவனூர்ல இப்பதான் ராத்திரி பத்து மணி. இவ அங்கதான் தூங்கிக்கினு இருக்கா.”

எல்வீராவுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. எழுந்து போய், அந்தப் பட்டப்பகலில், திரைச்சீலைகளை ஒவ்வொன்றாக இழுத்து மூடினாள்.